60 செகண்ட் டெஸ்ட்டுல பறக்குது, ராத்திரி பேக்கப்புல படுத்துக்குது: ஃபையோ டைம்-பேஸ்ட் டெஸ்ட்டை எப்படிங்க சரி பண்றது?

பின்னலாடை_பையன் (திருப்பூர்) – திங்கள், காலை 9:40

எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்க ஒரு பனியன் கம்பெனில சிஸ்டம் அட்மின். பிரிண்டருக்கு டோனர் மாத்தறதுல இருந்து சர்வர் வரைக்கும் நான் ஒருத்தன்தானுங்க.

போன மாசம் சர்வருக்கு 2 டிபி என்விஎம்இ டிஸ்க் வாங்கிப் போட்டோம். க்யூஎல்சி ரகம் (ஒரு செல்லுல நாலு பிட்டு வெக்கறது). விலை தோதா இருந்துச்சு, ஓனரும் சரின்னுட்டாரு. போடறதுக்கு முன்னாடி ஃபையோ (டிஸ்க் வேகத்தை அளக்கற புரோகிராம்) ஓட்டிப் பாத்தேன், நம்பரெல்லாம் பிரமாதம். இப்ப என்ன பிரச்சனைன்னா, ராத்திரி 11:30க்கு 350 ஜிபி பேக்கப் ஓடுது. அது ஓடற நேரத்துல பேக்கிங் செக்சன்ல கார்ட்டன் லேபிள் அடிக்க முடியறதில்ல. பட்டனைத் தட்டுனா திரை அப்படியே நிக்குது. சூப்பர்வைசர் அண்ணன் தெனமும் போன் பண்ணி "தம்பி, உன்ற சிஸ்டம் படுத்துருச்சு"ங்கறாரு. ஷிப்மென்ட் நேரம் வேற.

நான் ஓட்டுன ஜாப் இதுதான் (போன்ல அடிக்கறேன், ஆப்ஷன் பேரெல்லாம் தமிழ்லயே விழுகுது, பொறுத்துக்குங்க):

ஆர்டபிள்யூ=ராண்ட்ரைட்
பிஎஸ்=4கே
சைஸ்=4ஜி
ஐஓஎஞ்சின்=லிப்ஏஐஓ
ஐஓடெப்த்=32
ரன்டைம்=60

அதாவது 4 ஜிபி ஃபைல்ல 4 கேபி துண்டா கண்ட எடத்துல எழுதறது, ஒண்ணு முடியக் காத்திருக்காம ஒரே நேரத்துல 32 வரைக்கும் அனுப்பறது, நேரம் 60 செகண்டு. 60ன்னு குடுத்தும் 9 செகண்டுல முடிஞ்சு போச்சு. அப்புறம் டைம்_பேஸ்ட் சேத்தேன். முழுசா 60 செகண்டும் ஓடுச்சு, ஆனா நம்பர் முன்னயக் காட்டிலும் எச்சா வந்துச்சு. எச்சா நேரம் ஓட்டுனா கொறையத்தானுங்க வேணும்? இதுல எதை நம்பறது?

---

மஞ்சமண்டி (ஈரோடு) – திங்கள், காலை 10:15

ரன்டைம்ங்கறது உச்சவரம்புங்க, அவ்வளவுதான். "60 செகண்டுக்கு மேல போகாதே"ன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடியே 4 ஜிபி எழுதி முடிஞ்சா ஜாப்பும் முடிஞ்சுரும். 9 செகண்டுல நின்னதுக்கு அதான் காரணம். டைம்_பேஸ்ட் போட்டா கடைசி வரைக்கும் போயிட்டு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும், மணி அடிக்கற வரைக்கும் அதே 4 ஜிபியைச் சுத்திச் சுத்தி எழுதும்.

ஆனா உங்க ஜாப்புல பெரிய ஓட்டை வேற எடத்துல இருக்குது. ரேம் பஃபரைத் தாண்டி நேரா டிஸ்க்குக்கு அனுப்பச் சொல்ற டைரக்ட்=1 எங்கீங்க? அது இல்லாம லிப்ஏஐஓ போட்டா ஐஓடெப்த் 32ங்கறதே பேருக்குத்தான். பஃபர் வழியா போற எழுத்தை லினக்ஸ் ஒண்ணொண்ணாத்தான் முடிச்சுட்டு வரும்.

---

கெணத்துமோட்டார் (காங்கேயம் பக்கம்) – திங்கள், மதியம் 1:05

கண்ணு, சர்வர்ல ரேம் எவ்வளவு?

---

பின்னலாடை_பையன் – திங்கள், மதியம் 1:20

64 ஜிபிங்கண்ணா. பெரும்பாலும் சும்மாதான் கெடக்கும்.

---

கெணத்துமோட்டார் – திங்கள், மதியம் 2:10

அப்ப நீ டிஸ்க்கை அளக்கவே இல்ல சாமி, ரேமைத்தான் அளந்துருக்கறே.

கெர்னல்ல டர்ட்டி_பேக்ரவுண்ட்_ரேஷியோன்னு ஒண்ணு இருக்குது, வழக்கமா 10. கைவசம் இருக்கற மெமரில பத்துல ஒரு பங்கு அழுக்கான (அதாவது இன்னும் டிஸ்க்குக்குப் போகாத டேட்டா நின்ன) பிறகுதான் கெர்னல் தானா டிஸ்க்குக்குத் தள்ள ஆரம்பிக்கும். உனக்கு அது 6 ஜிபிக்குக் கிட்ட வரும். உன்ற ஃபைலோ 4 ஜிபி. அதையே எத்தனை சுத்து எழுதுனாலும் அழுக்கு 4 ஜிபியைத் தாண்டாது. 30 செகண்டு பழசான பக்கங்களை அப்பப்ப கொண்டுபோயி எழுதும், அதோட சரி. மொதல் ஓட்டத்துல புதுசா ஃபைல் உண்டாக்கற வேலையும் கூட இருந்துச்சு, ரெண்டாவதுல அதும் இல்ல. அதான் நேரம் கூடக் கூட நம்பரும் கூடுச்சு.

நான் இருபது வருசம் பெங்களூர்ல ஸ்டோரேஜ் வேலை பாத்துட்டு இப்ப தோட்டத்துக்கே வந்துட்டவன். தோட்டத்து வழியிலயே ஒண்ணு சொல்றேன். ராத்திரி பூரா சும்மா கெடந்த கெணத்துல காலைல மோட்டார் போட்டா, மொத அரை மணி நேரம் பைப்பு முட்ட தண்ணி வரும். அது தேங்கி நின்ன தண்ணி. அதுக்கப்புறம் வாரதுதான் ஊத்துத் தண்ணி. கெணறு வெலைக்கு வாங்கப் போறவன் பத்து நிமிசம் மோட்டாரை ஓட்டிப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுப்பானா? க்யூஎல்சி டிஸ்க்கும் அதேதான். ஒரு செல்லுல நாலு பிட்டு வெக்கறது மெதுவான வேலை. அதனால காலியா இருக்கற எடத்துல கொஞ்சத்தை செல்லுக்கு ஒரு பிட்டுன்னு வெச்சு வேகமா வாங்கிக்கும், பின்னாடி சாவகாசமா நாலு பிட்டா மடிச்சு வெக்கும். அந்த எஸ்எல்சி கேஷ்தான் தேங்கி நிக்கற தண்ணி.

டைரக்ட்=1 போடு. சைஸை 200ஜி ஆக்கு. பேக்கப்பு மாதிரியே ஆர்டபிள்யூ=ரைட், பிஎஸ்=128கே. டைம்_பேஸ்ட், ரன்டைம்=1800. அதோட ரைட்_பிடபிள்யூ_லாக் போட்டு லாக்_ஏவிஜி_எம்செக்=1000 குடு, செகண்டுக்கு ஒருக்கா வேகத்தை எழுதி வெக்கும். கடைசில வர்ற சராசரியைப் பாக்காதே, லாக்கை வரைஞ்சு பாரு.

---

நாமக்கல்_நடுராத்திரி – திங்கள், மாலை 4:30

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கோணும், ஓட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஃபைல்நேம்ல டிஸ்க் டிவைஸ் பேரை நேராக் குடுத்தராதீங்க, ஃபோல்டர்ல ஒரு ஃபைல் பேரைக் குடுங்க.

மவுன்ட் ஆகியிருக்கற டிஸ்க்குன்னா, அலவ்_மவுன்டட்_ரைட் போடாம ஃபையோ எழுதமாட்டேன்னு நின்னுக்கும். அதை நம்பித்தான் நான் கெட்டேன். கோழித்தீவனக் கம்பெனி ஒண்ணுல, மூணு வருசக் கணக்கு இருந்த பழைய டிஸ்க்கு மவுன்ட் பண்ணாம சும்மா செருகியிருந்துச்சு. கடைசி எழுத்து பி-ன்னு அடிக்கறதுக்கு சி-ன்னு அடிச்சுட்டேன். ராண்ட்ரைட், பத்து நிமிசம். ஒரு வார்த்தை கேக்காம ஓடுச்சுங்க. மக்யா நாள் காலைல ஆடிட்டர் வந்து நின்னாரு. அன்னைக்கு நான் குடிச்ச டீக்குக் கணக்கே இல்ல.

---

பெருந்துறை_பிட் – திங்கள், இரவு 9:50

எனக்கு இந்த டைம்-பேஸ்ட் டெஸ்ட்டே ஒப்பாதுங்க. உங்க வேலை 350 ஜிபி எழுதறது. சைஸ்=350ஜி குடுத்து எத்தனை நிமிசம் ஆகுதுன்னு பாத்தா சோலி முடிஞ்சுது. கடிகாரத்தை வெச்சு ஓட்டுனா வேகமான டிஸ்க்கு அதிகம் எழுதும், மெதுவான டிஸ்க்கு கம்மியா எழுதும். ரெண்டும் செஞ்ச வேலை வேற வேற, அதை எப்படி ஒப்பிடறது?

அதுலயும் சின்ன ஃபைலைச் சுத்திச் சுத்தி எழுதறது டிஸ்க்குக்கு வெல்லம் குடுக்கற மாதிரி. ஒரு சுத்து முடிஞ்சா முந்தின சுத்துல எழுதுனது அத்தனையும் ஒண்ணா செத்துப் போகுது. கன்ட்ரோலர் பிளாக்கை அப்படியே அழிச்சுக்கலாம், நகத்தி வெக்க உசுரோட எந்தப் பக்கமும் மிச்சமிருக்காது. நிஜ வாழ்க்கைல பாதி செத்தும் பாதி உசுரோடயும் கெடக்கும், நல்லதை எல்லாம் பொறுக்கி வேற எடத்துல எழுதிட்டுத்தான் அழிக்கோணும். நாம ஒண்ணு எழுதுனா உள்ள அது ரெண்டு மூணா எழுதிட்டிருக்கும். அந்தச் சுமையே உங்க டெஸ்ட்டுல வராது.

---

சரவணம்பட்டி_சர்வர் (கோவை) – திங்கள், இரவு 10:35

பிட்டு அண்ணா, ரெண்டாவது பத்தி நூத்துக்கு நூறு சரி. மொத பத்திதான் இடிக்குது. சில கோளாறு கடிகாரத்தை வெச்சு ஓட்டுனாத்தான் தெரியும்.

எங்க டீம்ல நடந்ததையே சொல்றேன். அமேசான் கிளவுடுல ஜிபி2ங்கற ரக டிஸ்க் வால்யூம், 100 ஜிபி. ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ் (செகண்டுக்கு இத்தனை படிப்பு, எழுத்துங்கற கணக்கு) வீதம் அதுக்கு நெலையான வேகம் 300தான். ஆனா 3000 வரைக்கும் எகிறலாம், அதுக்குன்னு 54 லட்சம் கிரெடிட் வெச்சிருப்பாங்க. இதெல்லாம் அவங்களே எழுதி வெச்சிருக்கற விதிதான், நாங்கதான் படிக்கல. நாங்க 15 நிமிசம் ஓட்டிட்டு 3000 வருதுன்னு ஸ்லைடு போட்டுட்டோம். 3000ல ஓட்டுனா, திரும்ப ரொம்பற 300 போக செகண்டுக்கு 2700 கிரெடிட் கரையும். 54 லட்சத்தை 2700ஆல வகுத்தா 2000 செகண்டு, 33 நிமிசம். எங்க டேட்டா ஏத்தற வேலை ஒண்ணேகால் மணி நேரம் ஓடும். 34வது நிமிசத்துல பத்துல ஒரு பங்கா உழுந்துச்சு. நான் புதுசு அப்போ, என்ற கோடுலதான் தப்புன்னு ரெண்டு நாள் வெசனப்பட்டுட்டுத் திரிஞ்சேன்.

அதனால ரன்டைம் எத்தனைங்கறது ருசிக்குப் போடற உப்பு இல்ல. எந்தத் தொட்டி எப்ப வத்தும்னு பாத்து வெக்க வேண்டிய நம்பர்.

---

பின்னலாடை_பையன் – செவ்வாய், காலை 11:10

அண்ணா சொன்னபடி ராத்திரி ஓட்டுனேன். டிஸ்க்குல 70 சதவீதம் ஏற்கனவே ரொம்பியிருக்குதுங்க.

லாக்கை வரைஞ்சா படிக்கட்டு மாதிரி ரெண்டே படிதான். மொத 38 செகண்டு, செகண்டுக்கு 2600 எம்பி சுமாருக்கு நேர்கோடா போகுது. 39வது செகண்டுல பொத்துனு உழுந்து 140 பக்கம் வந்துருது. அப்புறம் அரை மணி நேரம் முடியற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல.

கால்குலேட்டர் வெச்சுப் பாத்தேன். இதே ஜாப்பை 60 செகண்டோட நிறுத்தியிருந்தா சராசரி 1700க்குக் கிட்ட. அரை மணி நேரத்துக்கு 192. அந்த 1700ஐ நம்பியிருந்தா 350 ஜிபி மூணரை நிமிசத்துல முடிஞ்சுரும்னு ஓனர்கிட்டச் சொல்லியிருப்பேன். நெசமா 38 செகண்டுல 99 ஜிபி, மீதி 251 ஜிபிக்கு அரை மணி நேரம். பேக்கப் லாக்கும் அதையேதான் சொல்லுது. இத்தனை நாளா நெட்வொர்க் சுவிட்சைத் திட்டிட்டு இருந்தனுங்க.

ராம்ப்_டைம்=60 போட்டா அந்த மொத 38 செகண்டு கணக்குல வராதில்லீங்களா? அதைப் போட்டுட்டா டெஸ்ட் சரியாயிருமா?

---

மஞ்சமண்டி – செவ்வாய், மதியம் 12:00

ராம்ப்_டைம்ல போற நேரம் ரன்டைமுக்கு மேல கூடுதலா ஓடும், அந்த நேரத்து நம்பர் முடிவுல சேராது. உங்க டிஸ்க்கு இப்ப இருக்கற நெலமைக்கு 60 போதும். ஆனா அந்த கேஷ் காலி எடத்தைப் பொறுத்து நீளும், சுருங்கும். அடுத்த மாசம் பழைய டிசைன் ஃபைலெல்லாம் அழிச்சீங்கன்னா 38 செகண்டு 80 ஆயிரும், 60 பத்தாது. கண்ணை மூடிட்டு ஒரு நம்பர் போடறதுக்கு இல்லீங்க.

ஸ்டோரேஜ் கம்பெனிகள் சேந்து நடத்தற எஸ்என்ஐஏ அமைப்போட எஸ்எஸ்டி டெஸ்ட் முறை இதுக்குத்தான் எழுதுனது. மொதல்ல டிஸ்க்கோட கொள்ளளவுக்கு ரெண்டு மடங்கு, 128கே பிளாக்கா வரிசையா எழுதி ரொப்போணும். அப்புறம் சுத்து சுத்தா அளக்கோணும். தொடர்ந்து 5 சுத்துல, எச்சா வந்ததுக்கும் கம்மியா வந்ததுக்கும் இருக்கற வித்தியாசம் சராசரில 20 சதவீதத்துக்குள்ள இருக்கோணும், அதுங்களுக்கு ஊடால போற கோட்டோட சாய்வு 10 சதவீதத்துக்குள்ள அடங்கோணும். அப்பத்தான் நெலைக்கு வந்துருச்சுன்னு ஒத்துக்குவாங்க.

ஃபையோலயே ஸ்டெடிஸ்டேட்னு ஒரு ஆப்ஷன் இருக்குது. வேகத்தோட சாய்வு இத்தனைக்குள்ள வந்தா ஜாப்பை முடிச்சுக்கோன்னு சொல்லிரலாம், ரன்டைம் வெறும் காவலுக்கு. எஸ்எஸ்_டூர்ங்கறது அது எத்தனை நேரத்தை வெச்சு முடிவு பண்ணோணும்ங்கற அளவு.

---

கெணத்துமோட்டார் – செவ்வாய், மதியம் 2:40

அந்த எஸ்எஸ்_டூர்ல ஒரு குழி இருக்குது, உழுந்தவன் சொல்றேன். தம்பியோட லாக்கைப் பாரு, மொத 38 செகண்டும் நேர்கோடு. எஸ்எஸ்_டூர்=20 போட்டு, ஆரம்ப நேரத்தைக் கணக்குல எடுக்காம உடற எஸ்எஸ்_ராம்ப் போடாம உட்டீன்னா, 20வது செகண்டுலயே "அசையாம நிக்குது, நெலைக்கு வந்துருச்சு"ன்னு ஃபையோ முடிச்சுட்டுப் போயிரும். தேங்குன தண்ணியும் ஒரே சீராத்தானே வருது! அந்த எஸ்எஸ்_டூர் சன்னலைத் தொட்டி வத்தற நேரத்தைக் காட்டிலும் பல மடங்கு பெருசா வெக்கோணும்.

---

பெருந்துறை_பிட் – செவ்வாய், இரவு 8:15

எல்லாம் சரிங்க. ஆனா தம்பிக்கு எதுக்கு ஸ்டெடி ஸ்டேட்? அவரு டிஸ்க் ரிவ்யூ எழுதறாரா? அவரோட பேக்கப்பு தெனமும் 24 மணி நேரத்துக்கு ஒருக்காதான் ஓடுது. பகல்ல சும்மா இருக்கையில டிஸ்க்கு தானா மடிச்சு வெச்சு கேஷைக் காலி பண்ணிக்கும். அப்ப அந்த 38 செகண்டும் அவருக்குத் தெனமும் கெடைக்கற நெசமான நேரம். அதை எதுக்கு ராம்ப்_டைம்ல தள்ளிவிடறீங்க? ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மட்டும் தண்ணி பாச்சறவனுக்கு ஊத்தைப் பத்தி என்ன கவலை?

---

கெணத்துமோட்டார் – செவ்வாய், இரவு 8:50

அடேங்கப்பா, என்ற கெணத்தை வெச்சே என்னய மடக்கிட்டீங்களே. ஒத்துக்கறேன். டிஸ்க்கை எடை போட ஸ்டெடி ஸ்டேட், வேலையை எடை போட வேலையோட நேரமேதான். ஆனா அவரோட வேலை எழுதறது மட்டுமா?

---

சரவணம்பட்டி_சர்வர் – செவ்வாய், இரவு 9:30

அதேதான் நானும் கேக்க வந்தேன். தம்பி, பேக்கப் அரை மணி நேரம் ஆகுதுன்னு யாராச்சும் திட்டறாங்களா? லேபிள் வரலைன்னுதானே திட்டறாங்க? அப்ப நீங்க அளக்க வேண்டியது லேபிளுக்கு டேட்டாபேஸ் படிக்கற நேரத்தை. இதுவரைக்கும் ஓட்டுன ஒரு டெஸ்ட்டுலயும் படிக்கற வேலையே இல்ல.

ரெண்டு ஜாப்பை ஒரே ஃபைல்ல போடுங்க.

மொத ஜாப்பு, படிக்கறது: ஆர்டபிள்யூ=ராண்ட்ரீட், பிஎஸ்=8கே, ஐஓடெப்த்=1, ரேட்_ஐஓபிஎஸ்=200, டைம்_பேஸ்ட், ரன்டைம்=7200. படிக்கற ஃபைலை முன்னாடியே நெசமான டேட்டாவா எழுதி ரொப்பி வெச்சுருங்க. எழுதாத எடத்தைப் படிச்சா டிஸ்க்கு ஃபிளாஷைத் தொடாமயே பூஜ்ஜியத்தைக் குடுத்துரும்.

ரெண்டாவது, எழுதறது: சைஸ்=350ஜி, டைம்_பேஸ்ட் வேண்டாம், ஸ்டார்ட்டிலே=60 (startdelay, 60 செகண்டு தாமதிச்சு ஆரம்பிக்கும்). பிட்டு அண்ணாவுக்கும் சந்தோசம்.

ரெண்டுக்கும் பொதுவா டைரக்ட்=1, எக்ஸிட்ஆல். எழுதறது முடிஞ்ச உடனே படிக்கறதும் நின்னுரும். அந்த 7200ஐப் பத்தி ரோசனையே வேண்டாம், எந்த டிஸ்க்கா இருந்தாலும் படிக்கற ஜாப்பு பேக்கப்பு நேரத்துக்குச் சரியா ஓடும். மொத 60 செகண்டு அமைதியான நேரம், ஒப்பிட்டுப் பாக்க.

லேட்டன்சி லாக்குல (ஒவ்வொரு படிப்புக்கும் ஆன நேரத்தை எழுதறது) லாக்_மேக்ஸ்_வேல்யூ=1 போட்டுருங்க. இல்லேன்னா ஒவ்வொரு செகண்டுக்கும் சராசரிதான் விழும், லேபிள் நின்னது அதுல கரைஞ்சு போயிரும்.

---

கெணத்துமோட்டார் – செவ்வாய், இரவு 10:05

அருமை அம்மிணி. ஒண்ணே ஒண்ணு சேத்துக்கறேன். ஐஓடெப்த் ஒண்ணுல, ஒரு படிப்பு ரெண்டு செகண்டு மாட்டிக்கிச்சுன்னா, அந்த ரெண்டு செகண்டுல போயிருக்க வேண்டிய 400 படிப்பும் வாசல்லயே நிக்கும். பின்னாடி அவசர அவசரமாப் போயி ஒவ்வொண்ணும் "எனக்கு அரை மில்லிசெகண்டுதான் ஆச்சு"ங்கும். வரிசைல நின்ன நேரம் யாரு கணக்குலயும் வராது. ரேசன் கடைல ரெண்டு மணி நேரம் நின்னுட்டு, பில்லு போட அரை நிமிசந்தான் ஆச்சுன்னு எழுதிக்கற மாதிரி. 99வது சதமானம் (நூத்துல 99 படிப்பு எத்தனை நேரத்துக்குள்ள முடிஞ்சுதுங்கற கணக்கு) பாக்க அழகா இருக்கும், பொய்யி. ஐஓ_சப்மிட்_மோட்=ஆஃப்லோட் போட்டு, இஞ்சினை பிசிங்க்னு வெச்சுக்கோ, ஐஓடெப்த்தையும் ஒண்ணுல உடாம நல்லா ஏத்திக்கோ. கொஞ்சம் கூடுதல் பாரம்தான், ஆனா அனுப்பற வேகம் டிஸ்க்கோட மந்தத்துக்குக் கட்டுப்படாது.

---

பின்னலாடை_பையன் – வியாழன், காலை 10:25

நேத்து ராத்திரி ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் கெளம்புன பிறகு ஓட்டுனேன். பேக்கரில இருந்து ரெண்டு பப்ஸ் வாங்கிட்டு வந்து சர்வர் ரூம்லயே உக்காந்துட்டேன்.

மொத ஒரு நிமிசம் எந்தச் செகண்டும் 1 மில்லிசெகண்டைத் தாண்டல. எழுத ஆரம்பிச்சு கேஷ் தீர்ற வரைக்கும் 3, 4. அதுக்கப்புறம் நூறுக்குக் கொறஞ்ச செகண்டே அபூர்வம், ஒரு எடத்துல 1.9 செகண்டு. ஒரு லேபிளுக்கு எங்க சாஃப்ட்வேர் பத்து நாப்பது தடவை படிக்கும். திரை ஏன் நிக்குதுன்னு இப்பத்தான் கண்ணால பாக்கறேன்.

அப்புறம் சும்மா ஒரு ரோசனை வந்து, எழுதற ஜாப்புக்கு ரேட்=100எம் போட்டு மறுபடி ஓட்டுனேன். 350 ஜிபி முடிய ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிமிசம்கூடக் கொறையல. ஆனா படிக்கறது ரெண்டு மூணு எடம் தவிர 20 மில்லிசெகண்டுக்குள்ளயே இருந்துச்சு. இன்னைக்கு ராத்திரில இருந்து பேக்கப்பு ஸ்கிரிப்ட்டுலயும் அதே வேகக் கட்டு போடப் போறேன்.

---

பெருந்துறை_பிட் – வியாழன், காலை 11:00

வேகத்தைக் கொறச்சு வேலையை முடிச்சிருக்கறீங்க. ஓனர்கிட்ட இதை எப்படிச் சொல்லுவீங்கன்னுதான் தெரியல.

---

பின்னலாடை_பையன் – சனி, காலை 9:15

ரெண்டு ராத்திரி ஆச்சுங்க, சூப்பர்வைசர் அண்ணன் போன் வரல. நேத்து நானா கூப்பிட்டுக் கேட்டேன், "லேபிள் வருது, ரோல்தான் தீந்துபோச்சு"ங்கறாரு. ஓனர் கிராஃபைப் பாத்துட்டு, டிஎல்சி (செல்லுக்கு மூணு பிட்டு) டிஸ்க் ஒண்ணு வாங்கிரலாமாங்கறாரு. கடைக்காரரு ஒரு வாரம் வெச்சு டெஸ்ட் பண்ணிட்டுக் காசு குடுங்கன்னு சொல்லியிருக்காரு.

---

மஞ்சமண்டி – சனி, காலை 9:40

வாங்கிட்டு வந்ததும் காலி டிஸ்க்குலயே ஓட்டிராதீங்க. மொதல்ல 70 சதவீதம் ரொப்புங்க, ஒரு ராத்திரி சும்மா உடுங்க, அப்புறம் அக்கா குடுத்த அதே ஜாப்பை ஒரு எழுத்து மாத்தாம ஓட்டுங்க. லாக்கை இங்க போடுங்க.